இரண்டாம் பேறும் முதற்பேற்றின் அச்சமும்

(நமது ஜமாஅத் மகளிர் நலப் பிரிவின் சார்பில் மதரஸா மண்டபத்தில் நடைபெற்ற கூட்டத்தில், ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியராகிய நம் மஹல்லா சகோதரி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 

 

கர்ப்பகால உணவு பற்றிப் பேசுமாறுதான் நிர்வாகத்தார் முதலில் நம்மைக் கேட்டுக்கொண்டார்கள். அதைப் பற்றிப் பேச அங்கன்வாடியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் பேசாத ஒன்றைப் பேச அனுமதியுங்கள் என்று விண்ணப்பித்தோம். தலைப்பிரசவத்தில் பெரும் துன்பம் கண்ட ஒரு பெண், இரண்டாம் முறை கருவுறும்போது அவளை எவ்வாறு ஆயத்தப்படுத்துவது என்பதே அந்தப் பொருள். ஆண்களையும் திரைக்கு அப்பால் அமர்த்திவையுங்கள் என்று நாமே கேட்டுக்கொண்டோம். அதற்கான காரணம் போகப்போக விளங்கும்.

31 ஆண்டுகள் வீடு வீடாகச் சென்று கர்ப்பிணிகளின் பெயரைப் பதிவேட்டில் எழுதியிருக்கிறோம். தலைச்சூல் பெண் பயப்படுவாள். ஆனால் அவள் எதற்குப் பயப்படுகிறாள் என்று அவளுக்கே தெரியாது. நல்ல வார்த்தை நாலு சொன்னால் தெளிந்துவிடுவாள். முதற்பேற்றில் அடிபட்ட பெண்ணோ அப்படியல்லள். அவளுக்கு அந்த அறை தெரியும், அந்தக் கட்டில் தெரியும், எந்த நேரத்தில் யார் என்ன சொன்னார்கள் என்பது வரை நினைவிருக்கும். அவளிடம் போய், "எல்லாம் நல்லபடியாக நடக்கும், பயப்படாதே" என்றால் அவள் தலையை ஆட்டுவாள், இரவில் உறங்கமாட்டாள். பதிவேட்டில் இரத்த அழுத்தத்துக்கு ஓர் இடம் உண்டு, எடைக்கு உண்டு, இரும்புச்சத்து மாத்திரைக்கு உண்டு. இந்த அச்சத்தை எழுத ஓர் இடம் இருந்ததில்லை. நாமும் கேட்டதில்லை.

அச்சப்படுவது ஈமான் குறைவு என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். திருக்குர்ஆனில் மர்யம் (அலை) அவர்களின் பெயரிலேயே ஓர் அத்தியாயம் இருக்கிறது. அது 19-வது அத்தியாயம். பிரசவ வேதனை அவர்களைப் பேரீச்ச மரத்தின் அடிக்குக் கொண்டுவந்து சேர்த்ததையும், இதற்கு முன்னரே மாண்டிருக்கக் கூடாதா என்று அவர்கள் மனம் நொந்ததையும் அல்லாஹ் மறைக்காமல் எடுத்துரைக்கிறான். அவ்வாறு சொன்னதற்காக அவர்கள் கண்டிக்கப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கவலைப்பட வேண்டாம் என்ற ஆறுதலும், காலடியில் ஓடும் நீரும், உண்பதற்குக் கனிந்த பேரீச்சம்பழமும் அவர்களுக்கு அளிக்கப்பட்டன. ஆறுதல், நீர், உணவு. நம் வீட்டுப் பெண்களுக்குப் பிரசவ அறையில் இந்த மூன்றும் கிடைத்தனவா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

எம் வீட்டில் நடந்தது

ஊரார் கதையைச் சொல்வதைவிட எம் மகளின் கதையையே சொல்கிறோம். அவளுடைய சம்மதத்தைப் பெற்றே சொல்கிறோம்.

2014-ல் அவளுக்குத் தலைப்பிரசவம். வழக்கப்படி எம் வீட்டுக்கு வந்திருந்தாள். இலேசான வலி தொடங்கிய உடனே, தாமதிக்க வேண்டாம் என்று பக்கத்து நகரத்தின் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்துவிட்டோம். அங்குதான் முதல் தவறு. கருப்பை வாய் 2 சென்டிமீட்டர்தான் திறந்திருந்தது. அந்த நிலையில் ஒரு தலைச்சூல் பெண் வீட்டில் நடந்து, குளித்து, உண்டு, உறங்கிக்கூட இருக்கலாம். அவளையோ கட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்தார்கள். வலி வருவதற்கான மருந்தைக் குளுக்கோஸில் கலந்து ஏற்றினார்கள். குடிக்கத் தண்ணீர் கேட்டதற்கு, சிசேரியன் ஆனாலும் ஆகும், கொடுக்கக் கூடாது என்றார்கள். எவரையும் உள்ளே அனுமதிக்கவில்லை. 26 மணி நேரம் அவ்வாறு கிடந்தாள். கடைசியில் ஒருவர் வயிற்றை அழுத்த, மற்றொருவர் வாக்குவம் வைத்து இழுக்க, குழந்தை பிறந்தது. ஆழமாக வெட்டித் தையல் போட்டிருந்தார்கள். இரண்டு மாதம் அவளால் சரியாக உட்கார முடியவில்லை.

அந்த 26 மணி நேரமும் நாம் வெளியே தஸ்பீஹும் கையுமாக அமர்ந்திருந்தோம். எத்தனையோ பெண்களுக்கு வழி சொன்ன நமக்கு, அந்தக் கதவைத் தட்டி, "என்ன நடக்கிறது?" என்று கேட்க வாய் வரவில்லை. அவர்களுக்குத் தெரியாததா என்று இருந்துவிட்டோம்.

பேரன் நலமாக இருந்தான், அல்ஹம்துலில்லாஹ். வந்தவர்கள் அனைவரும், "பிள்ளையும் தாயும் நல்லபடியாக வந்தார்களே, அது போதாதா?" என்றார்கள். அவளும் ஆம் என்றாள். ஆனால் அந்த மருத்துவமனை இருக்கும் தெருவழியாகப் பேருந்து போனால் கண்ணை மூடிக்கொள்வாள். அடுத்த குழந்தை என்ற பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவாள். அவளுடைய மாமியார் பொல்லாதவர் அல்லர். இருந்தாலும், "இவளுக்குத் தெம்பில்லாத உடம்பு, முக்கத் தெரியவில்லை" என்று இரண்டு மூன்று இடங்களில் சொல்லிவிட்டார். அந்தச் சொல் அவள் காதில் போய் உட்கார்ந்துகொண்டது. தன் உடம்பில்தான் ஏதோ கோளாறு என்று அவளே நம்பிவிட்டாள்.

2018-ன் தொடக்கத்தில் மறுபடியும் கருவுற்றபோது அவள் எம்மிடம் சொன்ன முதல் வார்த்தை, "உம்மா, இந்தத் தடவை வலியே வேண்டாம், நேரே ஆபரேஷன் பண்ணிடச் சொல்லுங்க" என்பதுதான். இப்படிக் கேட்பவள் அவள் ஒருத்தி மட்டுமல்லள். 2019–21-ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் ஏறத்தாழ 45 சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் மட்டும் எடுத்துக்கொண்டால் 64. இவற்றில் எத்தனை மருத்துவத் தேவையால் நடந்தவை, எத்தனை அச்சத்தால் நடந்தவை என்பதை அந்தக் கணக்கு சொல்லாது.

காகிதத்தில் இருந்த பதில்

அல்லாஹ்வின் கருணையால் அவளுக்கு இரண்டாம் முறை கிடைத்த பெண் மருத்துவர் பொறுமைசாலி. ஆபரேஷன் வேண்டும் என்று அவள் கேட்டதும் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. "முதல் பிரசவத்தின் டிஸ்சார்ஜ் சம்மரி இருக்கிறதா? கொண்டு வாருங்கள்" என்றார். பீரோவில் நிக்காஹ் பத்திரத்தோடு சேர்த்து மடித்து வைத்திருந்த அந்தக் காகிதத்தை நான்கு ஆண்டுகளில் எவரும் பிரித்துப் படித்ததில்லை. செவிலியராகிய நாமே படித்ததில்லை.

மருத்துவர் அதை வரி வரியாகப் படித்துக் காட்டினார். கால் மணி நேரம் ஆகியிருக்கும். குழந்தையின் தலை கீழ்நோக்கி இருந்தாலும், பிடரி தாயின் முதுகெலும்பை ஒட்டித் திரும்பியிருந்திருக்கிறது. அவ்வாறு அமைந்தால் வலி முழுதும் இடுப்பின் பின்புறம் இறங்கும், தலை திரும்பி வர நேரம் பிடிக்கும், பிரசவம் நீளும். எழுந்து நடமாடினால் ஓரளவு உதவும். அவளோ படுக்கவைக்கப்பட்டிருந்தாள். "உங்கள் உடம்பில் ஒரு குறையும் இல்லை. அந்தக் குழந்தை கிடந்த விதம் அப்படி. ஒவ்வொரு குழந்தையும் அப்படியே கிடக்கும் என்பதில்லை" என்றார் அவர்.

எம் மகள் அங்கேயே அழுதுவிட்டாள். வெளியே வந்ததும், "இதை யாராவது அப்பவே சொல்லியிருந்தா?" என்று கேட்டாள். எம்மிடம் பதில் இல்லை.

சகோதரிகளே! இன்று நாம் சொல்ல வந்தது இதுதான். இரண்டாம் பேற்றுக்கான ஆயத்தம், முதற்பேற்றில் என்ன நடந்தது என்பதைக் கேட்டு அறிந்துகொள்வதில் தொடங்குகிறது. காரணம் தெரியாத துன்பத்துக்குப் பெண் தன்னையே காரணமாக்கிக்கொள்கிறாள். காரணம் தெரிந்துவிட்டால், மீண்டும் வரக்கூடியது எது, வராதது எது என்று மருத்துவரால் பிரித்துச் சொல்ல முடியும். குழந்தை திரும்பிக் கிடந்தது, மிக முன்னதாகவே மருத்துவமனையில் சேர்த்தது போன்றவை பெரும்பாலும் அந்த ஒரு முறையோடு போய்விடும். ஆனால் முதல் முறை உதிரப்போக்கு மிகுதியாக ஏற்பட்டது, குழந்தையின் தோள் சிக்கிக்கொண்டது, கிழிசல் ஆசனவாய் வரை சென்றது, இரத்த அழுத்தம் கூடி ஜன்னி கண்டது என்று இருந்தால், அவை மறுபடியும் வர வாய்ப்புள்ளவை. அத்தகையோர் இரத்த வங்கியும் அறுவை அரங்கும் உள்ள பெரிய மருத்துவமனையையே நாட வேண்டும். இதில் வீம்பு கூடாது.

மருத்துவக் கோப்பின் நகலைக் கேட்க நம் மக்கள் தயங்குகிறார்கள். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதிகளின்படி, சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் பதிவேடுகளைப் பாதுகாக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் நகல் தர வேண்டும். ஆகவே கேட்பது குற்றமல்ல. மூன்று ஆண்டுகள் கடந்துவிட்டால் கிடைப்பது அரிது என்பதால், பிள்ளை பிறந்த கையோடு வாங்கிப் பத்திரப்படுத்துவது நல்லது.

அச்சம் உடம்பில் செய்யும் வேலை

இங்கிலாந்தைச் சேர்ந்த கிராண்ட்லி டிக்-ரீட் என்ற மருத்துவர் 1933-லேயே ஒரு நூலில் எழுதிய கருத்து இது: பயம் உடம்பை இறுக்குகிறது, இறுக்கம் வலியைக் கூட்டுகிறது, கூடிய வலி மேலும் பயத்தை உண்டாக்குகிறது. கருப்பையைச் சுருங்கச் செய்வது ஆக்ஸிடோசின் என்னும் சுரப்பு. பயத்தில் பெருகும் அட்ரினலின் அதற்கு எதிராக வேலை செய்யும். நன்றாக வலி எடுத்து வந்த பெண்ணுக்கு மருத்துவமனை வாசற்படி ஏறியதும் வலி நின்றுபோவதை நாமே பலமுறை பார்த்திருக்கிறோம். பொய்வலி என்று அதைத் தள்ளிவிடுவோம். சில வேளை அது பொய்வலியாக இருந்திருக்காது. பயந்து அடங்கிய வலியாக இருந்திருக்கும்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவம் பார்த்த நாள்களில் நாமும் பெண்களை அதட்டியிருக்கிறோம். "கத்தாதே", "காலை விரி", "பிள்ளை பெறத் தெரியாதா?" என்றெல்லாம் சொல்லியிருக்கிறோம். இரவு முழுதும் ஒருவராக நின்று மூன்று பிரசவம் பார்க்கும் அயர்ச்சி என்று அதற்குக் காரணம் கற்பித்துக்கொண்டோம். எம் மகள் தன் நினைவில் சுமந்துகொண்டிருந்த சொற்களைச் சொன்னபோது, அவற்றில் இரண்டு நம் வாயிலிருந்தும் வந்தவை என்பதை உணர்ந்தோம். அந்தப் பெண்கள் சிலர் இந்த மண்டபத்திலும் இருக்கக்கூடும். எம்மை மன்னித்துக்கொள்ளுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2018 பிப்ரவரியில் பிரசவப் பராமரிப்புக்கான பரிந்துரைகளை வெளியிட்டது. தாயைக் கண்ணியமாக நடத்துவது அதன் முதற் பரிந்துரை. அவள் விரும்பும் ஒருவர் உடனிருப்பதும் பரிந்துரைகளில் ஒன்று. சிக்கல் இல்லாத பெண் பிரசவ வேளையில் உண்ணலாம், பருகலாம், எழுந்து நடமாடலாம் என்றும், எல்லாருக்கும் வழக்கமாக வெட்டுவது வேண்டாம், வயிற்றை அழுத்துவது வேண்டாம் என்றும் அது கூறுகிறது. மணிக்கு 1 சென்டிமீட்டர் திறந்தே தீர வேண்டும் என்ற பழைய கணக்கையும் அது ஏற்கவில்லை. 5 சென்டிமீட்டர் திறந்த பிறகுதான் முழு வேகப் பிரசவம் தொடங்குகிறது. அதிலிருந்து முழுவதும் திறக்கத் தலைச்சூலுக்குப் பொதுவாக 12 மணி நேரம் வரையிலும், அடுத்த பேறுகளுக்கு 10 மணி நேரம் வரையிலும் ஆகலாம். இரண்டாம் பேறு பெரும்பாலும் முதற்பேற்றைவிட விரைவாகவே நடந்தேறும் என்பதை நம் பாட்டிமாரும் சொல்வார்கள்.

ஆயத்தம் செய்த விதம்

எம் மகளின் விஷயத்தில் என்னென்ன செய்தோம் என்று சொல்கிறோம். இரத்தசோகை இருந்தது, தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு இருக்கும் குறைதான் அது. மாத்திரையைத் தேநீரோடு விழுங்குவதை நிறுத்தி, எலுமிச்சைச் சாற்றோடு எடுத்துக்கொள்ளச் செய்தோம். (நம் வீடுகளில் எதைக் கொடுத்தாலும் ஒரு கோப்பைத் தேநீரோடு கொடுக்கும் பழக்கம் இருக்கிறதே, அது இரும்புச்சத்துக்கு எதிரி.) மாலையில் மாடியில் அரை மணி நேரம் நடப்பாள்.

எட்டாம் மாதத்தில் மருத்துவரிடம் அனுமதி பெற்று, பிரசவ அறையை முன்கூட்டியே சென்று பார்த்தோம். முதல் நாள் வாசலோடு திரும்பிவிட்டாள். அடுத்த வாரம் உள்ளே சென்று அந்தக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தாள். பிறகு ஒரு தாளில் தன் விருப்பங்களைத் தமிழில் எழுதி மருத்துவரிடம் கொடுத்தாள்: உம்மா உடன் இருக்க வேண்டும், இயன்றவரை பெண்களே பரிசோதிக்க வேண்டும், திரை போட்டிருக்க வேண்டும், எதைச் செய்வதானாலும் முதலில் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும், ஆபரேஷன் தேவைப்பட்டால் காரணத்தைச் சொன்னால் போதும், மறுக்கமாட்டேன். மருத்துவர் அதைப் படித்துக் கோப்பில் வைத்துக்கொண்டார். அந்தத் தாளை எழுதிய இரவு அவள் நன்றாக உறங்கினாள்.

மூச்சுப் பயிற்சிக்குத் தனி வகுப்பு எதுவும் தேவைப்படவில்லை. மூச்சை மூக்கால் இழுத்து, வெளிவிடும்போது "லா இலாஹ இல்லல்லாஹ்" என்று மெல்ல நீட்டிச் சொல்லப் பழகினாள். இழுக்கும் மூச்சைவிட விடும் மூச்சு நீளமாக இருந்தால் தோளும் தாடையும் தாமே தளரும். இடுப்பு வலிக்கு ஸஜ்தாவைப் போல முழங்காலும் கையும் ஊன்றி இருப்பதும், கட்டிலின் விளிம்பைப் பிடித்து ருகூவைப் போலக் குனிந்து நிற்பதும் இதமாக இருந்தன. ஐவேளைத் தொழும் பெண்ணுக்கு இந்த நிலைகள் புதியவை அல்லவே.

பேரீச்சம்பழம் பற்றிப் பலர் கேட்கிறார்கள். ஜோர்டான் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் 2011-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பேறுகால நாளுக்கு முந்தைய 4 வாரம் தினமும் 6 பழம் உண்ட 69 பெண்களையும், உண்ணாத 45 பெண்களையும் ஒப்பிட்டார்கள். உண்டவர்களுக்கு மருத்துவமனைக்கு வரும்போதே கருப்பை வாய் கூடுதலாகத் திறந்திருந்தது. வலி தானாகத் தொடங்கியதும் அவர்களிடையே அதிகம். சிறிய ஆய்வுதான், அதை வைத்து உத்தரவாதம் சொல்ல முடியாது. ஆயினும் நல்ல உணவு, உண்ணலாம். கர்ப்பகாலச் சர்க்கரை உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் உண்ணக் கூடாது.

இவ்வளவும் சொல்லும்போது ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். இயற்கைப் பிரசவம் என்றால் வீட்டிலேயே பெற்றுக்கொள்வது என்று சிலர் எண்ணுகிறார்கள். எம் மகளும் அந்நாள்களில் யூடியூபில் அத்தகைய காட்சிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 2018 ஜூலையில் திருப்பூரில், யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் நடத்த முயன்றபோது ஓர் இளந்தாய் உதிரப்போக்கால் இறந்துபோனார். செய்தித்தாளில் அதைப் படித்த அன்றோடு எம் மகள் அந்தக் காட்சிகளை விட்டுவிட்டாள். பிள்ளை பிறந்த பின் உதிரம் பெருகினால் ஒரு தாய் மிகக் குறுகிய நேரத்தில் கைவிட்டுப் போய்விடுவாள். பிள்ளை பிறந்ததும் தொடையில் போடும் 10 யூனிட் ஆக்ஸிடோசின் ஊசி எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது. பிரசவத்தில் இறக்கும் பெண்ணுக்கு ஷஹீதின் அந்தஸ்து உண்டு என்பது நபிமொழி வழியாக நாம் அறிந்த நற்செய்தி. அதை நம் அலட்சியத்துக்குப் போர்வையாக்கிக்கொள்வது பெரும் பாவம்.

ஆண்களுக்கும் மாமியார்களுக்கும்

இனித் திரைக்கு அப்பால் இருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். தலைப்பிரசவம் தாய்வீட்டில், இரண்டாவது மாமியார் வீட்டில் என்பது நம்மில் பலருடைய வழக்கம். முதல் முறை துன்பப்பட்ட பெண்ணுக்கு இந்த வழக்கத்தைச் சற்றுத் தளர்த்துங்கள். உடன் யார் இருக்க வேண்டும் என்று அவளையே கேளுங்கள். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவத்தின்போது பெண் ஒருவர் உடனிருக்க அனுமதி உண்டு. 2016-ல் மத்திய அரசும் நாடெங்கும் அரசு மருத்துவமனைகளில் இதற்கு வழிசெய்தது. பிள்ளை பெற்ற அனுபவம் உள்ளவராக, தொற்றுநோய் இல்லாதவராக, இடையில் எழுந்து போகாதவராக அவர் இருக்க வேண்டும். தனியார் மருத்துவமனையானால் முன்கூட்டியே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

எம் மருமகன் அப்போது தம்மாமில் இருந்தார். விடுப்பு கிடைக்கவில்லை. ஆனால் அங்கிருந்தபடியே இரத்தம் கொடுக்கக்கூடிய இரண்டு நண்பர்களை இங்கே ஏற்பாடு செய்தார். வாடகைக் கார் ஓட்டுநரின் எண்ணை எமக்கு அனுப்பினார். பணத்தை எட்டாம் மாதமே வங்கியில் போட்டுவிட்டார். எல்லாவற்றுக்கும் மேலாக, "ஏன் பயப்படுற?" என்று அவளிடம் கேட்காமல், "அன்னைக்கு என்ன நடந்துச்சு, சொல்லு" என்று நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு முதன்முறையாகக் கேட்டார். இரண்டு மணி நேரம் பேசினாளாம். வலி தொடங்கிய பின் தொலைபேசியில் தொந்தரவு செய்யாதிருக்கவும் வாக்களித்தார். பிரசவ அறை வாசலில் துபாயிலிருந்து மச்சான், ரியாத்திலிருந்து சின்ன வாப்பா என்று ஐந்து நிமிடத்துக்கொரு முறை கைபேசி அலறுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

சம்பந்தியம்மாவிடம் நாமே சென்று அந்தக் காகிதத்தில் இருந்ததை எடுத்துச் சொன்னோம். கேட்டுவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு தம் இரண்டாவது பிரசவம் எப்படி நடந்தது என்று சொல்லத் தொடங்கினார். நாற்பதாண்டுக்கு முந்தைய கதை; அதையும் யாரும் கேட்டதில்லை.

அந்த நாள்

அக்டோபரில் ஒரு நாள், ஃபஜ்ருக்கு முன் வலி தொடங்கியது. இம்முறை நாம் அவசரப்படவில்லை. பனிக்குடம் உடைந்தாலோ, உதிரம் பட்டாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ, தலைவலியோடு கண் மங்கினாலோ ஒரு கணமும் நிற்காமல் கிளம்ப வேண்டும். 108-ஐ அழைக்க வேண்டும். அவை எதுவும் இல்லை. தொழுதாள், வெந்நீரில் குளித்தாள், இடியாப்பமும் பாலும் சாப்பிட்டாள், முற்றத்தில் நடந்தாள். ஆறு நிமிடத்துக்கு ஒரு முறை வலி வந்ததும் புறப்பட்டோம். இரண்டாம் பேறு விரைவாக வரும் என்பதால் தலைச்சூலுக்குக் காத்திருப்பதுபோல் காத்திருக்கக் கூடாது. மருத்துவமனை இருபது நிமிட வழி. போய்ச் சேர்ந்தபோது 5 சென்டிமீட்டர்.

கட்டிலைப் பிடித்துக் குனிந்து நின்றாள். நாம் இடுப்பைத் தேய்த்துவிட்டோம். பணியில் இருந்த இளம் செவிலியர் படுக்கச் சொன்னார். கோப்பில் இருந்த தாளை மருத்துவர் சுட்டிக்காட்டியதும், "சரி, நில்லுங்கக்கா" என்று விட்டுவிட்டார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று பக்கத்தில் யாரோ கருவித் தட்டை வைத்த ஓசை கேட்டது. இரும்பும் இரும்பும் மோதும் ஓசை. எம் மகளின் முகம் வெளிறிவிட்டது. எம் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டு, "உம்மா, என்னால முடியாது, ஆபரேஷன் பண்ணச் சொல்லுங்க" என்று கதறினாள்.

மருத்துவர் அவளருகில் வந்து தோளில் கை வைத்தார். "எட்டாம் மாதம் நான் என்ன சொன்னேன்? முடியாது என்று சொல்லத் தோன்றும் நேரம் வந்தால் குழந்தை பக்கத்தில் வந்துவிட்டது என்று சொன்னேனா இல்லையா? குழந்தையின் துடிப்பு நன்றாக இருக்கிறது. அந்தத் தட்டு உங்களுக்கானது அல்ல" என்றார். அவள் எம்மைப் பார்த்தாள். நாம் திக்ரைத் தொடங்கினோம். அவளும் மூச்சோடு சேர்ந்துகொண்டாள். அரை மணி நேரத்தில் பேத்தி பிறந்தாள். வெட்டு இல்லை. சிறு கிழிசலுக்கு இரண்டு தையல். குழந்தையை உடனே தாயின் மார்பில் வைத்தார்கள்.

மறுநாள் அவளிடம், இம்முறை வலி குறைவாக இருந்ததா என்று கேட்டோம். "இல்லை உம்மா, வலி அதே வலிதான். ஆனா என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரிஞ்சிருந்துச்சு" என்றாள்.

இப்படி ஆயத்தம் செய்த எல்லாருக்கும் இவ்வாறே முடியும் என்று எண்ணிவிடக் கூடாது. நம் மஹல்லாவில் மற்றொரு பெண்ணும் இதேபோல் எல்லாம் செய்தார். வலியின் நடுவே குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கியது. காரணத்தைச் சொன்னார்கள், புரிந்துகொண்டு சம்மதித்தார், சிசேரியனில் குழந்தை நலமாகப் பிறந்தது. தோற்றுவிட்டோம் என்ற எண்ணம் அவருக்கு இல்லை. அவரிடம் எவரும் அப்படிச் சொல்லவும் விடக் கூடாது. முதற்குழந்தை சிசேரியன் ஆனவர்களும் கேட்கிறார்கள். ஒரு முறை கீழ்ப்புறக் குறுக்கு வெட்டில் சிசேரியன் ஆனவர்கள் அடுத்ததை இயல்பாகப் பெற முயன்றால், நான்கில் ஏறத்தாழ மூன்று பேருக்கு அது கைகூடுகிறது. ஆனால் சுமார் 200 பேரில் ஒருவருக்குப் பழைய தழும்பு பிரியும் ஆபத்து உண்டு. ஆகவே உடனடி அறுவைக்கு வசதியுள்ள மருத்துவமனையில், மருத்துவர் பழைய கோப்பைப் பார்த்துச் சம்மதித்த பிறகே முயல வேண்டும். இரு பிள்ளைகளுக்கு இடையில் போதிய இடைவெளியும் தேவை. பிரசவத்துக்குப் பின் அடுத்த கர்ப்பத்துக்கு 24 மாதமாவது கடக்கட்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. பாலூட்டலை நிறைவாக்க விரும்புவோருக்கு இரண்டு முழு ஆண்டுகள் என்று திருமறை கூறும் காலமும் அதுவே.

மகளிர் நலப் பிரிவினர் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். இனி ஒவ்வொரு மாதமும் முதல் வியாழக்கிழமை அஸர் தொழுகைக்குப் பின் மதரஸாவின் பெண்கள் பகுதியில் நாம் அமர்ந்திருப்போம். கர்ப்பமாக இருப்பவர்களும், அடுத்த குழந்தையை எண்ணித் தயங்குபவர்களும், பிள்ளை பெற்றுப் பல ஆண்டுகள் ஆனவர்களும் வரலாம். பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, தாய் சேய் நல அட்டை, ஸ்கேன் தாள் எது இருந்தாலும் கொண்டுவாருங்கள். உடன் அமர்ந்து படிப்போம். எமக்கு விளங்காததை மருத்துவரிடம் கேட்டுச் சொல்வோம். மாமியாரையும் அழைத்துவாருங்கள். தேநீர் உண்டு, மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம்.